டான்சில் இல்லாத பிள்ளை

கோதண்டராமன் டாக்டர் டார்ச்சை அணைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டார்ச்சை மறுபடியும் போட்டார்.

"இன்னொரு தபா ஆ காட்டுடா ராஜா."

பிள்ளை வாயைத் திறந்தான். இளஞ்செழியன் என்று பெயர், வீட்டில் செழியன். மூன்று வயதுப் பிள்ளை டாக்டரைப் பார்த்தால் அழ வேண்டும். இவனுக்கு அழவும் தெம்பில்லை. நெஞ்சு முழுக்கச் சளி கட்டியிருந்தது; ஒரு காதில் சீழ். டாக்டர் தொண்டைக்குள் பார்த்தார். நாக்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய டான்சில் சதையைக் காணோம். வீங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனவருக்கு, அங்கே பார்ப்பதற்கே ஒன்றும் இல்லை.

"இவனுக்கு டான்சில் ஆபரேஷன் ஏதாவது பண்ணீங்களாம்மா?"

"இல்லீங்க சார். ஊசியத் தவிர ஒண்ணும் பண்ணல," என்றாள் பிள்ளையின் தாய் பொன்னி.

1997ஆம் வருஷம், கார்த்திகை மாதம். திருவண்ணாமலையில் தேரோட்டம் என்பதால் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பொன்னி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டு, டாக்டரின் ஆஸ்பத்திரி வரை நடந்தே வந்திருந்தாள். கீழ்பென்னாத்தூர்க்காரி. கணவன் பலராமன் வேன் ஓட்டுகிறவன்; திருவிழாச் சவாரியில் இருந்தான். அவனுக்குப் பதிலாக அவனுடைய அண்ணன் சகாதேவன் வந்து கதவருகில் நின்றார். ஊரில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருப்பவர். அந்தக் குடும்பத்தில் அவர் தலையாட்டாமல் எதுவும் நடக்காது.

"ஏதாவது ஊசியப் போட்டு அனுப்புங்க சார்," என்றார் சகாதேவன். "இந்தப் பொண்ணு வயித்துல ஆம்பளப் புள்ள தங்காது. மொதப் புள்ளயும் இப்டித்தான் போச்சு. இதோட அம்மா வூட்லயும் அதே கததான். ராசி அப்டி."

டாக்டர் நிமிர்ந்தார். "அம்மா வீட்ல யாரு?"

பொன்னிதான் பதில் சொன்னாள். "எங்கம்மாவோட தம்பிங்க ரெண்டு பேரு சார். சின்னதுலயே காய்ச்சல்ல போய்ட்டாங்க. பொண்ணுங்க நாங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்." பிறகு மூத்தாரின் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: "ராசின்னு கேட்டுக்கினு போறதுக்கா நான் இவ்ளோ தூரம் தூக்கியாந்தேன்? இன்னான்னு கண்டுபிடிச்சு சொல்லுங்க சார். தெரியாம நான் எழுந்து போவ மாட்டேன்."

டாக்டருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஆனால் ஆண் பிள்ளைகள் மட்டும், அதுவும் தாய்வழியில், என்பது அவர் மனதில் தைத்தது. போன வருஷம் வேங்கிக்காலில் நடந்த டாக்டர்கள் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து, பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்து போன பிறகும் விடாமல் பேசினாள். அவளுடைய போன் நம்பரை டாக்டர் தேடி எடுத்தார்.

அவள் பெயர் பிராமி. இந்தப் பக்கத்துப் பெண்தான். கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நிலமுள்ள நைனார் குடும்பம், சமணர்கள். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "என் எலிங்களையும் சேர்த்து ஏத்துக்கற மாப்பிள்ளையா பாருங்க," என்று அவள் சொல்லிவந்ததில் அந்தப் பேச்சே ஓய்ந்துபோயிருந்தது.

அவள் ஆராய்ந்தது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் எப்படி வளர்கின்றன என்பதை. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் அவை தினமும் பிறக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு பி அணு என்று பெயர். கிருமியைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப் புரதத்தைச் செய்வது அந்த வகைதான். ஆனால் பிறந்ததும் அது வேலைக்கு வந்துவிடாது. மஜ்ஜைக்குள்ளேயே படிப்படியாக வளர்ந்து, தேறியது மட்டும்தான் ரத்தத்துக்குள் வரும். எந்தப் படியில் எது நின்றுபோகிறது, ஏன் நிற்கிறது என்று பல வருஷங்களாக எலிகளின் மஜ்ஜையில் தேடிக்கொண்டிருந்தாள் பிராமி.

போனில் டாக்டர் "டான்சில் இல்ல" என்று சொன்னதுமே அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். டான்சில் சதையில் பெரும்பகுதி பி அணுக்களின் கூட்டம். அவை இல்லாவிட்டால் அந்தச் சதை வளராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து செழியனின் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டாள். குழாயைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்து, சூடு படாமல் மடியிலேயே பிடித்துக்கொண்டு சென்னை பஸ்ஸில் போனாள். நிறுவனத்தில் அணுக்களை வகை பிரித்துக் காட்டும் கருவி ஒன்று இருந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஒளிரும் சாயம். ஒவ்வொரு அணுவும் திரையில் ஒரு புள்ளியாக விழும். செழியனின் ரத்தத்தில் மற்ற வகைகள் எல்லாம் அதனதன் இடத்தில் கொத்துக் கொத்தாக விழுந்தன. பி அணு விழ வேண்டிய மூலை மட்டும் வெறுமையாக இருந்தது.

இயக்குநர் சுப்பிரமணி தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சாயம் கெட்டுப்போயிருக்கும். இந்த நாட்டுல பிள்ளைங்களைக் கொல்றது காசநோயும் சத்துக்குறைவும். நீ வெளிநாட்டுப் புத்தகத்துல இருக்கற வியாதியைக் கொண்டுபோய் கீழ்பென்னாத்தூர்ல தேடறே."

"வியாதி புத்தகம் படிச்சிட்டு வர்றதில்ல சார்."

"பிராஜெக்ட் சாயத்தை இனிமே இதுக்குத் தொடாதே."

அவள் தொட்டாள். பிள்ளையிடம் மறுபடி ரத்தம் வாங்கி வந்து, தன் கையிலும் ஊசி குத்தித் தன் ரத்தத்தையும் எடுத்து, இரண்டையும் ஒரே சாயத்தில், ஒரே நேரத்தில் ஓட்டினாள். அவளுடைய ரத்தத்தில் அந்த மூலை நிரம்பியது. பிள்ளையினுடையதில் ஒரு புள்ளிகூட இல்லை. இயக்குநரின் அறைக்குப் போய், "வந்து பாருங்க சார். சாயம் கெட்டிருந்தா என் ரத்தத்துலயும் தெரிஞ்சிருக்கக் கூடாது," என்றாள். அவர் வந்தார், பார்த்தார், "ஒத்தப் பிள்ளைய வச்சு ஆராய்ச்சி ஆகாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிவைச் சொல்ல பிராமி டாக்டரின் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். பொன்னி கட்டிலில் பிள்ளையின் தலைமாட்டில் இருந்தாள். இந்த முறை பலராமனும் வந்திருந்தான். சகாதேவனுக்கு டாக்டர் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

பிராமி தனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னாள். பிள்ளைக்கு வந்திருப்பது தொற்றுநோய் இல்லை. பிறவியிலேயே ஒரு வகை அணு வளராமல் போயிருக்கிறது. தாயிடமிருந்து வயிற்றிலேயே வாங்கிவந்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்கள் காப்பாற்றும். அது தீர்ந்த பிறகு ஒவ்வொரு கிருமியும் உள்ளே வரும். முதல் பிள்ளைக்கும் இதுதான் ஆகியிருக்க வேண்டும்.

சகாதேவன் கையை உயர்த்தினார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. இது எங்க பக்கத்துல இருந்து வந்துச்சா, அது பக்கத்துல இருந்து வந்துச்சா? அத மட்டும் சொல்லு."

பஸ்ஸில் வரும்போதே பிராமி இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தாள். இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். கோதண்டராமனும் அப்படித்தான் சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினார். அவள் தயங்குவதைப் பொன்னி பார்த்துவிட்டாள்.

"சொல்லுங்க மேடம். எனக்குத் தெரியணும்."

"அம்மா வழியாத்தான் வருது," என்றாள் பிராமி. "பொண்ணுங்களுக்கு வியாதி வராது. அவங்க வழியாப் பசங்களுக்குப் போகும்."

சகாதேவன் தொடையில் தட்டினார். "கேட்டுக்கினியாடா பலராமா? நான் சொன்னப்ப கெழவன் ஒளர்றான்னு நெனச்ச. இப்ப மெட்ராஸ்ல இருந்து வந்து படிச்சவங்க சொல்றாங்க."

பலராமன் தரையைப் பார்த்தான். இது யாருடைய குற்றமும் இல்லை என்று பிராமி சொல்லத் தொடங்கினாள். அவள் குரல் யார் காதிலும் விழவில்லை. தன் வாயாலேயே இந்தப் பெண்ணை மாட்டிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது.

பொன்னி எழுந்து நின்றாள்.

"சரி மாமா. என்கிட்ட இருந்துதான் வந்துச்சு. அவன் கண்ணு, மூக்கு, இந்த வியாதி எல்லாம் என்கிட்ட இருந்துதான். நான் இன்னா, கடையிலயா வாங்கியாந்து குடுத்தேன்? இதுக்கு நான் தலகுனிஞ்சு நிப்பேன்னு பாக்காதீங்க." அவருக்கு அதற்கு மேல் பேச இடம் கொடுக்காமல் பிராமியிடம் திரும்பினாள். "மருந்து இன்னா? அத சொல்லுங்க."

"வேற ஒருத்தரோட எதிர்ப்புச் சக்தியத்தான் மாசாமாசம் ஏத்தணும். ஆயுசு முழுக்க. மருந்தா வருது, ஆனா இங்க கெடைக்கறது கஷ்டம். கெடைக்கற வரைக்கும் பிளாஸ்மா. ரத்தத்துல செவப்பணுவ எடுத்துட்டா மிச்சம் நிக்கற மஞ்சத் தண்ணி. குரூப் சேரணும்."

"என்னுது ஆவுமா?"

"ஆகும்," என்றாள் பிராமி. "உங்க ஒடம்புல ரெண்டு விதமாவும் அணு பொறக்குது. கோளாறானது வளராம மஜ்ஜையிலயே நின்னுடும். நல்லது மட்டும்தான் வளர்ந்து வெளிய வரும். அதனால உங்க ரத்தத்துல கொறை இருக்காது."

இதை அவள் படித்துத்தான் சொன்னாள். கண்ணால் பார்த்ததில்லை.

தை மாதம் சகாதேவன் தம்பிக்கு வேறு பெண் பார்த்தார். போளூர்ப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். பலராமனுக்கு இது முன்பே தெரியும். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேனைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றான். பொன்னி தாய்வீட்டுக்குப் போயிருப்பாள் என்று சகாதேவன் நினைத்திருந்தார். அவளோ சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"வாங்க, உக்காருங்க. நான் பலராமனோட சம்சாரம்."

பெண்ணின் அப்பா வாங்கிய சொம்பைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"இவன் எங்க புள்ள," என்று செழியனை முன்னால் நிறுத்தினாள். "இவனுக்கு மாசாமாசம் பிளாஸ்மா ஏத்தணும். நான் ஒருத்தியே எல்லா மாசமும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்ட்டாரு. உங்க பொண்ணு வந்தா ஒத்தாசையா இருக்கும். அது இன்னா குரூப்பு?"

அந்த மனிதர் சொம்பைக் கீழே வைத்தார். "மொத சம்சாரம் பொறந்த வூட்டோட போய்டுச்சுன்னு சொன்னாரே உங்க மாமா."

"போவல. போவவும் மாட்டேன்."

அவர்கள் போன பிறகு சகாதேவன் கத்தியது தெருக்கோடிவரை கேட்டது. பொன்னி உள்ளே போய் உலை வைத்தாள். அவர் ஓய்ந்து மண்டிக்குக் கிளம்பிய பிறகு பலராமன் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றான். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"ஏண்டி, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட குரூப்பையா கேப்ப?"

"உங்கண்ணன் ஜாதகத்தக் கேட்டாரு. நான் குரூப்பக் கேட்டேன்." அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "நீ வாயத் தொறந்து வேணான்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்யா."

பலராமன் மறுநாள் சவாரியை விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையை வேனில் ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போனான். பிளாஸ்மா பிரிக்கிற வசதி அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில்தான் இருந்தது. வேலூரில் பொன்னிக்கு எடை கம்மி, ரத்தமும் கம்மி என்று சொல்லிவிட்டார்கள். பலராமன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போனான். அவனுடைய குரூப் மகனுக்குச் சேரவில்லை. பிள்ளைக்கு அம்மாவின் குரூப். ஊசி போடும் படுக்கையில் ஏற்கெனவே ஏறிப் படுத்துவிட்டவன், எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"எனக்கு இல்லன்னா இன்னா. ஸ்டாண்டுல இத்தினி பேரு இருக்கானுங்க," என்றான்.

திருவண்ணாமலை வேன் ஸ்டாண்டில் அவன் வாய் விட்டுக் கேட்டான். அந்த ஓட்டுநர்கள் மற்ற நாட்களில் சவாரிக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்கிறவர்கள். ரத்தம் கொடுத்தால் வண்டி ஓட்டத் தெம்பிருக்காது என்று சிலர் நழுவினார்கள். தருமன் என்ற ஓட்டுநர், "எனக்கு குரூப்பு கிரூப்பு தெரியாது, எடுத்துப் பாத்துக்கோ," என்று வந்தான். அவனுடைய குரூப் சேர்ந்தது. அடுத்த மாதம் அவன் மச்சானை இழுத்து வந்தான். பொன்னி கேழ்வரகும் மல்லாட்டையும் வெல்லமுமாகத் தின்று, இரும்பு மாத்திரை விழுங்கி, கோடையில் எடை காட்டும் கருவியில் மறுபடி ஏறினாள். நர்ஸ் தலையாட்டியதும் அவள் முகத்தில் வந்த கர்வத்தை அந்த நர்ஸ் வெகு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம்.

அந்த வருஷக் குளிர்காலத்தில் செழியனுக்கு நிமோனியா வரவில்லை. சளி வந்தது, போனது. கோதண்டராமன் டாக்டர் டார்ச்சை எடுத்ததும் பிள்ளை கால்களை உதைத்துக்கொண்டு அலறினான். "அழுடா, நல்லா அழு," என்றார் டாக்டர்.

1999இல் இயக்குநர் சுப்பிரமணி பிராமியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வெளிநாட்டுக் குழு ஒன்று இந்த நோயைப் பற்றி எழுதிக் கேட்டிருந்தது. சாயம் கெட்டுப்போனது என்ற பேச்சே இப்போது இல்லை.

"அந்தப் பையனை இங்க கூட்டிட்டு வா. மஜ்ஜை எடுக்கணும். ஒரு தடவை எடுத்தா போதாது. ஆறு மாசம் விட்டு இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை. அணு எந்தப் படியில நிக்குதுன்னு நீதானே கேட்டுக்கிட்டே இருந்தே? உன் பேரை முதல்ல போடறேன்."

பிராமிக்குத் தெரியும், எலியில் இதே கோளாறு இருந்தாலும் பி அணு ஓரளவு வளர்ந்துவிடும்; மனிதப் பிள்ளையில்தான் சுத்தமாக நின்றுபோகிறது. எலியை எத்தனை வருஷம் பார்த்தாலும் விடை கிடைக்காத இடம் அது. அந்த விடை செழியனின் இடுப்பெலும்புக்குள் இருந்தது.

சனிக்கிழமை கீழ்பென்னாத்தூருக்குப் போனாள். பொழுது சாய்ந்த பிறகு அவள் சாப்பிட மாட்டாள் என்று பொன்னிக்குத் தெரியும். வெளிச்சம் இருக்கும்போதே தட்டை வைத்துவிட்டாள். செழியன் தெருவில் பிள்ளைகளோடு டயர் ஓட்டிக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்ததும் பிராமி விஷயத்தைச் சொன்னாள்.

"எலும்புலயா ஊசி போடுவாங்க?" என்றாள் பொன்னி.

"இடுப்பெலும்புல. மரத்துப்போற ஊசி போட்டுத்தான் எடுப்பாங்க. இருந்தாலும் வலிக்கும்."

"அதால அவனுக்கு இன்னா ஆவும்?"

பிராமி பதிலை யோசித்தாள். நாளைக்கு வேறு பிள்ளைகளுக்கு உதவும் என்று சொல்லலாம். அதுவும் ஒரு நாள் உண்மையாகலாம்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாது பொன்னி. வைத்தியம் மாறாது. இதே பிளாஸ்மாதான். எனக்குத்தான் ஒண்ணு தெரியும்."

"உங்களுக்கு அது தெரிஞ்சே ஆவணுமா?"

"பத்து வருஷமா அதத்தான் தேடறேன்."

பொன்னி தட்டை எடுத்துக் கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்காக நான் என் எலும்புல குத்திக்கறேங்க்கா. எத்தினி தபா வேணும்னாலும் சரி. அவன் வேணாம். வலின்னா இன்னான்னு பாக்காத நாளே அவனுக்கு இப்பத்தான் வந்துகிது. அத நான் எடுக்க மாட்டேன்."

பொன்னி அவளை மேடம் என்று சொல்லாமல் அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் முறை. வெறுப்பில் மறுக்கவில்லை என்று பிராமிக்குப் புரிந்தது. இருந்தாலும் பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்தது. விட்டுக்கொடுப்பது எளிதாக இருந்தது என்று அவள் பின்னாளில் ஒருபோதும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை இயக்குநரிடம் போனாள். "அம்மாவுக்குச் சம்மதம் இல்ல சார்."

"சம்மதம்னா என்ன? ஒரு கையெழுத்து. வைத்தியத்துக்குத் தேவைன்னு சொல்லு, போடுவா."

"வைத்தியத்துக்குத் தேவையில்லையே சார்."

"நீ சொல்லாட்டி நான் வேற ஆளை அனுப்புவேன்."

"அனுப்புங்க. அவங்க வர்றதுக்கு முன்னால நான் அங்க இருப்பேன். இது எதுக்கு எடுக்கறாங்கன்னு அவங்க முன்னாலயே பொன்னிக்குச் சொல்வேன்."

"இந்தத் துறையில உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா அவனத் தொட விட மாட்டேன்."

என்ன ஆகும் என்பது விரைவிலேயே தெரிந்தது. அவளுடைய பிராஜெக்ட் நீட்டிக்கப்படவில்லை. எலிக்கூண்டுகள் வேறொருவரிடம் போயின. அவளுடைய மேசையை நூலகத்தின் ஓரத்துக்கு மாற்றினார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. அவள் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அது திட்டைவிட மோசமாக இருந்தது. ஊருக்குப் போனபோது அவள் அப்பா, "வேற வேலை பார்க்கலாமே," என்றார். "இதே வேலையை வேற எடத்துல பாக்கறேம்பா," என்றாள்.

அந்த இடம் வேலூராக அமைந்தது. செழியனுக்கு மாதாமாதம் பிளாஸ்மா ஏற்றிய மருத்துவமனையிலேயே, ரத்தப் பரிசோதனைக் கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறையும் கருவியில் ஞாயிற்றுக்கிழமைகளும் அவளுக்குக் கிடைத்தன. இந்த நோயில் இல்லாமல் போகும் புரதம் ஒன்று உண்டு. பி அணு அடுத்த படிக்கு ஏற அதுதான் தேவை. அந்தப் புரதத்தைத் தொட்டு ஒளிரும் சாயத்தை ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடம், கேட்டதும் ஒரு சின்னக் குப்பியில் அனுப்பிவைத்தது. எலும்பைத் துளைக்காமல் இந்த நோயைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும் என்பதை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம் கொடுக்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னி கூடுதலாக ஒரு குழாய் கொடுத்தாள். பிராமி அதைச் சாயத்தில் கலந்து கருவியில் வைத்தாள். பொன்னி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

வேறொரு வகை வெள்ளணுவில் புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழுந்தன. ஒன்றில் அந்தப் புரதம் இருந்தது, மற்றதில் இல்லை. பொன்னி இரண்டையும் சுமப்பவள் என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு பி அணுக்கள் வந்தன. அவை எல்லாம் ஒரே கூட்டமாக விழுந்தன. அத்தனையிலும் புரதம் இருந்தது.

"இது இன்னாக்கா?"

"உன்னோட பி அணு. கோளாறானது ஒண்ணுகூட வெளிய வரல. நல்லது மட்டும் வந்திருக்கு. அன்னிக்கி ஆஸ்பத்திரில சொன்னேன் பாரு, அது இதான். அப்ப படிச்சதச் சொன்னேன். இப்பத்தான் பாக்கறேன்."

பொன்னி திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "இத எங்க மூத்தாருக்கு ஒரு காப்பி எடுத்துக் குடுக்க முடியுமா?"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் பொன்னி விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிராமி எடுத்துக்கொடுத்த தாளை அவள் நேரே மல்லாட்டை மண்டிக்குக் கொண்டுபோய்த் தராசுப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். சகாதேவனுக்கு அது என்னவென்றே புரிந்திருக்காது. அவர் கடைசிவரை தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. பொன்னியும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

2001இல் வேலூரில் நடந்த கருத்தரங்கில் பிராமி அந்த முடிவைச் சொன்னாள். தாயின் கொஞ்சம் ரத்தத்தை வைத்து, பிள்ளைக்கு நோய் எங்கிருந்து வருகிறது, அந்த வீட்டில் இனி எந்தப் பெண்ணின் பிள்ளைகளைப் பிறந்ததும் கவனிக்க வேண்டும் என்று சொல்ல முடியும் என்றாள். முன்வரிசையில் சுப்பிரமணி இருந்தார். எழுந்து கேட்டார்: "மஜ்ஜையைப் பார்க்காம அணு எந்தப் படியில நின்னுச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? இதுல பாதி ஊகம்தானே?"

"அந்தப் பாதி எனக்குத் தெரியாது சார்," என்றாள் பிராமி. "தெரிஞ்சிக்கணும்னா ஒரு பிள்ளையோட எலும்புல அவனுக்குப் பயனில்லாம ஊசி போடணும். அது வேணாம்னு முடிவு பண்ணோம். அந்தக் கேள்வியைத் தெறந்தே விட்டிருக்கேன்."

கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. ஆனால் இடைவேளையில் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து வந்த குழந்தை டாக்டர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். என் ஊரிலும் ஒரு வீடு இருக்கிறது, அங்கேயும் ஆண் பிள்ளைகள் தங்குவதில்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அவர்கள் போகவில்லை.

செழியன் முழுதாகத் தேறிவிட்டான் என்று சொல்ல முடியாது. சின்ன வயது நிமோனியாக்கள் நுரையீரலில் விட்டுப்போன தழும்பால் காலையில் வெகுநேரம் இருமுவான். ஒரு காது மந்தம். வகுப்பில் அதைச் சாக்காக வைத்துக் கேள்விகளிலிருந்து தப்பித்துக்கொண்டான். பிளாஸ்மா போய், பாட்டில் மருந்து கிடைக்கத் தொடங்கியிருந்தது. அது வராத மாதங்களில் வேன் ஸ்டாண்டிலிருந்து யாராவது வந்தார்கள்.

2003 மழைக்காலத்தில் கோதண்டராமன் டாக்டர் பிராமிக்குப் போன் செய்தார். செங்கம் சாலையில் ஒரு கிராமம். ஒரு பெண்ணுக்கு இரண்டு பையன்கள் இறந்து, மூன்றாவது கைப்பிள்ளைக்கு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். சாகிற பிள்ளைக்கு எதற்கு வீண் அலைச்சல் என்று சொல்லிவிட்டார்கள்.

பிராமி வேலூரிலிருந்து வந்து இறங்கியபோது பஸ் நிலையத்தில் பலராமனின் வேன் தயாராக நின்றது. முன்சீட்டில் பொன்னி. "நான் வரலன்னா நீங்க அங்க படிச்சவங்க பாஷையில பாடம் நடத்துவீங்க," என்றாள்.

அந்த வீட்டு முற்றத்தில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். வயதில் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, "இது எங்க வூட்டு விஷயம்," என்றார்.

"விஷயம் உங்க வூட்டுதுதான் பெரியவரே," என்றாள் பொன்னி. "புள்ள விஷயமில்ல, ஒரு ஆளு. அவனுக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் நவுருங்க."

அவர் நகரவில்லை. பொன்னி அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அறை மூலையில் ஒரு இளம்பெண் கைப்பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொன்னி அவள் எதிரில் குந்தினாள்.

"ஒம் பேரு இன்னா?"

"அறிவுமதி," என்றாள் அந்தப் பெண். முற்றத்திலிருந்து அதட்டல் கேட்டது. அவள் உடம்பு ஒடுங்கியது.

"அவங்க கத்துவாங்க அறிவுமதி. கத்தட்டும். எனக்கும் கத்துனாங்க. என் புள்ளைக்கு இப்ப ஒம்போது வயசு, அஞ்சாங்கிளாசுக்குப் போக மாட்டேன்னு அடம் புடிக்கறான்." பொன்னி கையை நீட்டினாள். "எழுந்துரு. வண்டி வாசல்லயே நிக்குது. புள்ளய நான் புடிச்சிக்கறேன், நீ செருப்பப் போடு."

அந்தப் பெண் முற்றத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பொன்னியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.